தொழில்: காற்று வாங்குவது

விசா தாளில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு
சைக்கிள் வீரன் என்று போடச் சொன்னார் மேலாளர்.
போட்டேன்.
வீட்டில் அம்மா கேட்டபோது
காற்று வாங்கப் போகிறேன் என்றேன்.
"அதுக்குக் காசிமேடு போதாதா,
மலேசியா வரைக்கும் போவணுமா?"

பொய் சொல்லவில்லை.
குழுவில் ஏழு பேர்.
ஜெயிக்க வேண்டியவன் ஒருவன்.
மீதிப் பேர் அவனுக்கு முன்னால் போய்
காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும்.
எங்கள் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு
காற்றே இல்லாத ஒரு சின்ன அறை,
மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரில்
நகர்ந்துகொண்டிருக்கும் அறை.

அந்த அறைக்குள் நான் முதலில் புகுந்தது
எண்ணூர் விரைவு சாலையில்.
பதினாறு வயது. விடிகாலை மூன்றரை.
துறைமுகத்தில் இறக்கிவிட்டு
காலியாகத் திரும்பும் ட்ரெய்லர்.
பின்கதவுத் தாழ்ப்பாள் மூக்குக்கு ஒரு முழம்.
சட்டென்று காதில் சத்தம் நின்றது.
கால் தானாகச் சுற்றியது.
சுங்கச்சாவடியில் பிடித்தவன்
தேரடி வரும்வரை மூச்சு வாங்கவில்லை.
சிக்னலில் டிரைவர் தலையை நீட்டி
"வூட்ல சொல்லிகினு வந்தியாடா?" என்றான்.
இல்லை, சொல்லவில்லை.

மாவட்டத்தில் முப்பத்தொன்று,
மாநிலத்தில் பன்னிரண்டு, அடுத்த வருடம் பதினான்கு.
பேசின் பிரிட்ஜ் பணிமனையில் விளையாட்டு ஒதுக்கீடு.
அப்புறம் சம்பளமில்லா விடுப்பில் இரண்டு பருவம்
வெளிநாட்டுக் குழு, கலர் ஜெர்சி,
நான்கு மாதச் சம்பளம் இன்றுவரை பாக்கி.
பெர்க்மான்ஸ் என்ற பெயரைப் பட்டியலில் பார்த்து
ஜெர்மன்காரனைத் தேடினார்கள்.

பள்ளிப் புத்தகத்தில்
தென்றல் வாடை கொண்டல் கோடை
என்று நான்கு இருந்தன.
எனக்கு இரண்டுதான் தெரியும்:
எதிர்க்காற்று, ஓரக்காற்று.
இரண்டுக்கும் இடையில்
காரிடம் போய் எட்டு பாட்டில் வாங்கி
ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு
கூன் முதுகோடு மறுபடி முன்னே வரவேண்டும்.
கொருக்குப்பேட்டை லாரித் தண்ணிக்குப் பழகிய தோள்.
அங்கே சண்டை போட்டுத்தான் கிடைக்கும்,
இங்கே கையில் கொடுத்தார்கள்.

நான்காம் நாள். முடிய பதினெட்டு கிலோமீட்டர்.
அதில்பெக்கின் முன்சக்கரம் போயிற்று.
கார் எங்கோ பின்னால்.
நான் இறங்கினேன், என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவன் நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் இரண்டு நொடி போயிருக்கும்,
எனக்கே கோபம் வந்திருக்கும்.

செம்பனைத் தோப்பின் ஓரம் நின்றேன்.
முன்சக்கரமில்லாத சைக்கிள்
மண்டியிட்ட மாடு மாதிரி.
எல்லாரும் போனார்கள். ஆம்புலன்ஸ் போனது.
கடைசியில் எங்கள் கார் வந்து
வேறு சக்கரம் மாட்டியது.
தோப்பில் ஏதோ பறவை கத்தியது,
அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே பறவை,
பெயர் தெரியாது.

அதில்பெக் ஒன்று. நான் நூற்றொன்பது.
பரிசளிப்புப் படத்தை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல நீ எங்கடா?"
"அவன் சைக்கிள் தெரியுதா,
முன்னாடி சக்கரம்?"
படத்தில் சக்கரம் பாதிக்கு வெட்டியிருந்தது.

காறை எலும்பு மூன்றாம் முறை உடைந்த வாரம்
ஒரே ஒரு மின்னஞ்சலில் குழு கலைந்தது.
இப்போது முப்பத்துநாலு.
உள்ளே இருக்கும் தகட்டுக்கு
வானிலை மையத்துக்கு முன்பே மழை தெரியும்.
காலை டூட்டிக்கு முன்
திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போய்த் திரும்புவேன்.
பல்லில் சாம்பல் நறநறக்கும்.

நேற்று எர்ணாவூர் பாலம் இறங்கும்போது
பின்னால் எண்ணெய் காணாத செயின் சத்தம்.
காவலாளிச் சட்டை, ஹாண்டிலில் டிபன் பை,
மனுஷன் பெடலை மிதிக்கவில்லை, மன்றாடினார்.
கடலிலிருந்து ஓரக்காற்று.
முப்பதில் போனவன் பதினாறுக்கு இறங்கினேன்,
அரையடி இடப்பக்கம் ஒதுங்கி,
அவருக்கு அறை விழுகிற மாதிரி.
சத்தம் சீரானது.
மூன்று கிலோமீட்டர். ஒரு தடவைகூட
நான் திரும்பிப் பார்க்கவில்லை, பழக்கம்.

அனல்மின் நிலையத் திருப்பத்தில் மணி அடித்தார்.
"இன்னாபா, நடு ரோட்டுல ஊர்கோலமா?
ஓரமா போ."

ஓரமாகப் போனேன்.

இன்று அதே நேரத்துக்குக் கிளம்பினேன்.
பாலத்தடியில் பத்து நிமிடம் நின்றேன்.
வரவில்லை.
வார விடுப்பாக இருக்கும்.